விலை கேட்டால் குறை சொல்பவள்

வியாபாரம் செய்கிறவர்கள் தங்கள் சரக்கை வாய் நிறையப் புகழ்வார்கள். வழக்கம் அதுதான். அந்தப் பழைய கடை வளாகத்தின் மாடியில், படி ஏறினதும் இடது கைப் பக்கம் இருந்த கல் கடைக்காரி மட்டும் வேறு ரகம். யாராவது ஒரு கல்லைக் கையில் எடுத்து, "இது என்ன விலைங்க?" என்று கேட்டுவிட்டால் போதும், அவள் முகம் சுண்டிப்போகும்.

"அதுவா? அது வேணாங்க. உள்ள ஒரு கீறல் ஓடுது பாருங்க. ஓரத்துல நிறம் வேற வெளுத்திருக்கு. மோதிரத்துல வச்சா எடுபடாது."

கீறலும் இருக்காது, வெளுப்பும் இருக்காது. அந்தக் கல் அவளுக்குப் பிடித்துப்போயிருக்கும், அவ்வளவுதான். பிடிக்காத கற்களை மட்டும் வாய் ஓயாமல் புகழ்ந்து, காகிதத்தில் மடித்துக் கொடுத்து, சிரித்த முகமாய் வழியனுப்பி வைப்பாள். என்ன செய்வது, அவளுக்குப் பிடிக்காத கற்கள் ரொம்பக் குறைவு.

கடை என்றதும் பெரிதாக நினைத்துவிடாதீர்கள். கண்ணாடி மூடி போட்ட ஒரு மேஜை, அவளுக்கு ஒரு முக்காலி, வருகிறவர்களுக்கு ஒரு முக்காலி, கழுத்து வளையும் ஒரு மேஜை விளக்கு, பூதக்கண்ணாடி, இடுக்கி. பின்னால் சுவரோடு ஒரு மர அலமாரி. அதில் பழைய பிஸ்கட் டப்பாக்கள். விற்கிற கற்கள் மேஜைக்குள், விற்க மனசு வராதவை டப்பாக்களுக்குள். மேஜை வருஷம் பூராவும் அரைகுறையாகத்தான் கிடக்கும், டப்பாக்கள் மூடி கொள்ளாது.

கல்லிடம் அவள் மாட்டிக்கொண்டது சின்ன வயதில். ஒரு நகைக்கடையின் பின்னறையில் கல் பிரிக்கும் வேலை. வெள்ளைத் தாளின் மேல் கற்களைக் கொட்டி, இடுக்கியால் ஒவ்வொன்றாய் நகர்த்தி, நிறம் நிறமாய், அளவு அளவாய் ஒதுக்க வேண்டும். சாயங்காலம் எல்லாவற்றையும் நிறுத்து ஒப்படைத்துவிட்டு வெறுங்கையோடு வீட்டுக்குப் போக வேண்டும். அந்த வெறுங்கைதான் அவளைப் படுத்தி எடுத்தது. காலையிலிருந்து விரல் நுனியில் கிடந்த நீலமும் சிவப்பும் சாயங்காலம் யாரோ ஒருவரின் பெட்டிக்குள் போய்விடும். மறுபடி கண்ணில் படாது. ஒரு கல்லைக்கூட அவள் எடுத்ததில்லை, அது சத்தியம். ஆனால் எடுக்கவேண்டும் என்று கை துடிக்காத நாளும் இல்லை.

கடைசியில் ஒரு வழி கண்டுபிடித்தாள். மூலை உடைந்தது, ஜோடி சேராதது என்று முதலாளி கழித்துப் போட்ட கற்களைச் சம்பளத்தில் பிடித்துக்கொள்ளச் சொல்லி வாங்க ஆரம்பித்தாள். படுத்த படுக்கையாய்க் கிடந்த அம்மா தலையில் அடித்துக்கொள்வாள். "வீட்டுல அரிசி இல்லேங்கிறேன், இவ கல்லு வாங்கிட்டு வந்து நிக்கிறா! கல்லை வேகவச்சா தின்ன முடியும்?" என்பாள். மகள் காதில் போட்டுக்கொண்டால்தானே.

கல்யாணப் பேச்சு வராமலில்லை. பார்க்க வந்தவர்களில் அவளுக்குப் பிடித்தவருக்கு அவளைப் பிடிக்கவில்லை, அவளைப் பிடித்தவர்களை அவளுக்குப் பிடிக்கவில்லை. இதற்கு நடுவில் அம்மாவின் வைத்தியம், தம்பியின் படிப்பு. ஒருநாள் கண்ணாடியில் பார்த்தால் காதோரம் நரை. அம்மா போய்ச் சேர்ந்தாள். தம்பி வேலை கிடைத்து, கல்யாணம் கட்டி, வேறு ஊரில் குடியேறினான். வாடகை வீடும் டப்பாக்களும் அவளும் மிச்சம். அப்போதுதான் சொந்தமாகக் கடை போட்டாள். சம்பாதிக்க என்று ஊருக்குச் சொன்னாள். உண்மை என்னவென்றால், கடைக்காரிக்குக் கல் மலிவாகக் கிடைக்கும். குடிகாரன் சாராயக்கடையை ஏலம் எடுத்த கதைதான்.

அவள் குறை சொல்லும் சூட்சுமம் கொஞ்ச நாளிலேயே வாடிக்கையாளர்களுக்குத் தெரிந்துபோயிற்று. பக்கத்து ஆஸ்பத்திரி நர்ஸ் ஒருத்தி மேஜையைப் பார்க்கவே மாட்டாள். நேரே வந்து உட்கார்ந்து, "அக்கா, நீங்க எதைத் திட்டுறீங்களோ அதைக் குடுங்க" என்பாள். இவளுக்கு மூக்கு உடைபட்டுப்போகும். அப்புறம் நல்ல கல்லைப் புகழவும் மட்டமானதைத் திட்டவும் ஆரம்பித்தாள். இந்த மாற்றம் தெரியாத யாரோ ஒரு மனிதர், அவள் புகழ்ந்ததை அப்படியே நம்பி, அவள் உயிரையே வைத்திருந்த ஒரு பச்சைக் கல்லை வாங்கிக்கொண்டு நடையைக் கட்டிவிட்டார்.

படிக்கட்டில் விழுந்தடித்துக்கொண்டு ஓடினாள். "சார், சார்! கொஞ்சம் நில்லுங்க. கல்லு மாறிப்போச்சோன்னு சந்தேகமா இருக்கு. பிரிச்சுக் காட்டுங்க." அவர் பிரித்துக் காட்டினார். தெருவில், சைக்கிள்களுக்கும் தள்ளுவண்டிகளுக்கும் நடுவில் நின்று, அந்தக் கல்லை ஆசை தீரப் பார்த்தாள். ஆசை எங்கே தீர்ந்தது? "சரியான கல்லுதான் சார்" என்று மடித்துக் கொடுத்துவிட்டு மேலே வந்து, முகத்தைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

எதிர்க்கடையில் வாட்ச் ரிப்பேர் செய்கிறவர், ஒற்றைக் கண்ணில் மாட்டியிருந்த லென்ஸைக் கழற்றாமலே கேட்டார். "என்னக்கா, கல்லை வித்தீங்களா, இல்ல பொண்ணைக் கட்டிக் குடுத்து அனுப்பினீங்களா?"

"உங்க வேலையப் பாருங்க" என்றாள். அன்றிலிருந்து பிடித்த கல்லைத் திட்டும் பழைய வழக்கத்துக்கே திரும்பிவிட்டாள்.

அவள் வாழ்க்கையில் இன்னொரு மனிதர் வந்தது ஒரு எழுத்துப் பிழையால். கீழே தெருவைப் பார்த்து மாட்டச் சொல்லி ஒரு பெயர்ப் பலகை எழுதக் கொடுத்திருந்தாள். 'வண்ணக் கல் விற்பனை நிலையம்'. எழுதியவன் என்ன நினைப்பில் இருந்தானோ, 'வண்ணக் கள் விற்பனை நிலையம்' என்று எழுதி மாட்டிவிட்டுப் போய்விட்டான். தன் கடைப் பலகையை யார் நிமிர்ந்து படிக்கிறார்கள்? ஆனால் அந்த மாதம் புதிது புதிதாய் ஆட்கள் படி ஏறி வந்தார்கள். எல்லாரும் ஒரே மாதிரி சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, தணிந்த குரலில், "சரக்கு இருக்கா?" என்று கேட்டார்கள். "இருக்கே, உக்காருங்க" என்று இவள் இடுக்கியும் வெள்ளைத் தாளும் எடுத்து வைப்பாள். வந்தவர்கள் முழித்துக்கொண்டு இறங்கிப் போவார்கள். வியாபாரம் சூடுபிடிக்கிறது என்று இவளுக்கு ஒரே பூரிப்பு.

அப்படி ஒருநாள் வந்தவர் சரக்கு கேட்கவில்லை. ஒல்லியான ஆள், சட்டைப் பையில் சிவப்புப் பேனா. "அம்மா, தப்பா நினைக்காதீங்க. உங்க பலகையில ஒரு எழுத்து..." என்று இழுத்தார்.

பக்கத்துத் தெரு அச்சகத்தில் பிழை திருத்துகிறவர். கல்யாணப் பத்திரிகையிலிருந்து பாடப்புத்தகம் வரை அவர் கண்ணுக்குத் தப்பி எதுவும் அச்சாகாது. எல்லாரும் அவரை 'புரூஃப் சார்' என்றுதான் கூப்பிடுவார்கள். மனைவி போய்ப் பல வருஷம். பிள்ளைகள் இல்லை. பிழையைக் கண்டால் அந்த இடத்தை விட்டு நகர முடியாத வியாதி. விஷயத்தைக் கேட்டதும் அவளுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது, அப்புறம் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. வாட்ச் கடைக்காரர் சிரித்த சிரிப்பில் அவர் லென்ஸ் கீழே விழுந்து உருண்டது.

சிரிப்பு அடங்கினபோது புரூஃப் சார் மேஜை மேலே விரித்திருந்த தாளைப் பார்த்துக்கொண்டிருந்தார். மூடப்போகிற ஒரு தையல் கடையிலிருந்து பொத்தான் டப்பா ஒன்றை மொத்தமாக வாங்கி வந்திருந்தாள். அதைக் கொட்டிப் பிரிக்கையில் பொத்தான்களுக்கு நடுவில் கிடைத்த கல் தாளின் மேல் கிடந்தது.

"இது என்னங்க, பழுப்பா?"

"கோமேதகம். இங்க பார்த்தா அப்படித்தான் தெரியும். வாங்க."

ஏன் கூப்பிட்டாள் என்று அவளுக்கே தெரியாது. இடுக்கியில் கல்லைப் பிடித்துக்கொண்டு, படிக்கட்டுத் திருப்பத்தில் இருந்த ஜன்னலுக்கு அவரை அழைத்துப் போனாள். பிற்பகல் வெயில் நேராக விழும் இடம். கல்லை உயர்த்திப் பிடித்ததும் பழுப்பு எங்கேயோ போய்விட்டது. உள்ளே தேன். தேனுக்குள் மெல்லிய அலைகள், பாகு காயும்போது எழும்புமே அந்த மாதிரி. அவர் மூச்சுவிட மறந்து பார்த்தார்.

"விலை என்னங்க?" என்று கேட்டார், ரொம்ப நேரம் கழித்து.

அவளுக்குப் பக்கென்றது. விலையைச் சொல்லிவிட்டு உடனே ஆரம்பித்தாள். "ஆனா உள்ள கலங்கலா இருக்கு பாருங்க. தெளிவே கிடையாது. வலது பக்கம் ஒரு கீறல் வேற. வாங்காதீங்க சார்."

"சரிங்க" என்று இறங்கிப் போனார்.

அடுத்த மாதம் சம்பளம் வாங்கின மறுநாள் மறுபடி வந்தார். "அந்தக் கோமேதகம் இருக்கா?" என்றார். ஜன்னலுக்குப் போனார்கள். பார்த்தார்கள். விலை கேட்டார். அவள் குறை சொன்னாள். அவர் போனார். அதற்கடுத்த மாதமும் அதே. பேரம் பேசமாட்டார், வற்புறுத்தமாட்டார். ஒரு தரம் மட்டும் முகத்தை ரொம்ப சாதுவாய் வைத்துக்கொண்டு, "போன மாசம் கீறல் வலது பக்கம் இருந்துச்சு. இப்ப இடது பக்கம்ங்கிறீங்க. உள்ளேயே நடமாடுதோ?" என்று கேட்டார். மாட்டிக்கொண்டாள். ஜன்னல் பக்கம் திரும்பி நின்று சிரித்தாள். அவரும் சிரித்தார். அன்றைக்குக் கல்லைவிட அந்தச் சிரிப்பைத்தான் அவள் வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போனாள்.

இப்படியே வருஷங்கள் ஓடின. மாதம் பிறக்கிறபோதே அவளுக்கு உடம்பெல்லாம் காதாகிவிடும். படியில் யார் செருப்புச் சத்தம் கேட்டாலும் நிமிர்வாள். அவர் வரும் நாளில் முக்காலியை இரண்டு தரம் துடைப்பாள், இருப்பதில் நல்ல புடவையைக் கட்டிக்கொண்டு வருவாள். ஒரு மாதம் அவருக்குக் காய்ச்சல் கண்டு வரவில்லை. அவள் யாரிடமும் முகம் கொடுத்துப் பேசவில்லை. அவளுக்கு அவரைப் பிடித்திருந்தது. கல்லைப் பிடித்த மாதிரி இல்லை, அதற்கும் மேலே. இந்த வயதில் இதைப் போய் யாரிடம் சொல்வது? கல்லை விற்றுவிட்டால் அவர் வருவதற்குக் காரணம் இருக்காது. அதனால் விற்கவில்லை. அவளுக்குத் தெரிந்த ஒரே வழி அதுதான்.

போன வருஷம் வளாகத்து முதலாளி கட்டடத்தை இடித்துக் கட்டப்போவதாகச் சொல்லி எல்லாரையும் காலி செய்யச் சொன்னார். தம்பி போன் பண்ணினான்.

"அக்கா, போதும் நீ கஷ்டப்பட்டது. கடையத் தலைமுழுகிட்டு இங்க வந்துடு. மாடியில ஒரு ரூம் சும்மாதான் கிடக்கு. மாச முடிவுல வேன் அனுப்புறேன்."

"என் கல்லெல்லாம்?"

"வித்துடுக்கா. அந்த டப்பாவையெல்லாம் எங்க வைக்கிறது? உன் தம்பி பொண்டாட்டி ஏற்கெனவே இடம் இல்லேன்னு கத்துறா."

தம்பி கெட்டவன் இல்லை. அவன் கேட்டதில் தப்பும் இல்லை. இங்கே அவளைக் கட்டிப்போட என்ன இருக்கிறது? கடை இல்லை, உறவு இல்லை. இருந்த ஒன்றை வாய்விட்டுச் சொல்ல அவளுக்கு வாய் இல்லை. "சரிடா" என்றாள்.

டப்பாக்களைத் திறந்தாள். ஒவ்வொன்றாய் வெளியே எடுத்து, ஈரத்துணியால் துடைத்து, மேஜையில் பரப்பினாள். செய்தி பரவி ஆட்கள் வந்தார்கள். கேட்ட கல்லையெல்லாம் புகழ்ந்தாள். நர்ஸுக்கு ஒன்றும் புரியவில்லை. "என்னக்கா, எதையுமே திட்ட மாட்டேங்கிறீங்க?" என்றாள். "எல்லாமே நல்ல கல்லுதான்மா. எடுத்துக்கோ" என்று மடித்துக் கொடுத்தாள். ஒவ்வொரு பொட்டலமும் படியிறங்கும்போது கண் மறையும்வரை எட்டிப் பார்த்தாள். அன்றைக்கு ஓடினாளே, அந்த மாதிரி ஒருவர் பின்னாலும் ஓடவில்லை. ஓடினால் எல்லார் பின்னாலும் ஓடவேண்டியிருக்கும்.

கோமேதகத்தை மட்டும் மேஜைக்குக் கொண்டுவரவில்லை. அதை அவருக்கே கொடுப்பதென்று முடிவு செய்திருந்தாள். ஆசைப்பட்ட மனிதர், அவரிடம் போகட்டும். மனசின் ஒரு மூலையில் வேறு ஒரு நப்பாசையும் இருந்தது. நான் ஊரைவிட்டுப் போகிறேன் என்றால் அவர் ஏதாவது சொல்லமாட்டாரா?

அவர் வழக்கம்போல் வந்தார். காலி அலமாரியைப் பார்த்து நின்றுவிட்டார். அவள் விஷயத்தைச் சொன்னாள். கட்டடம், தம்பி, வேன், எல்லாம். அவர் முகம் வெளிறிப்போயிற்று. இருவரும் ஜன்னலுக்குப் போனார்கள். அவள் கல்லை உயர்த்திப் பிடித்தாள்.

"சார், இது மாதிரி ஒரு கோமேதகத்தை நான் பார்த்ததே இல்ல. நிறத்தைப் பாருங்க. ஒரு குறையும் கிடையாது. நீங்களே எடுத்துக்குங்க."

அவர் அவளையே பார்த்தார். பிறகு கல்லைப் பார்த்தார். பிறகு அவசர அவசரமாகப் பேச ஆரம்பித்தார். "இல்லைங்க, உள்ள கலங்கலா இருக்கு. நீங்கதானே சொன்னீங்க. வலது பக்கம் கீறல் இருக்கு. இடது பக்கமும் இருக்கு. நிறம் ஒரே மாதிரி இல்ல. ஓரம் கூட ஏதோ... இது சரியா வராதுங்க."

அவளுக்கு உச்சந்தலையில் ஏறிற்று. கல்லில் குறை சொல்கிற வாடிக்கையாளர்களை அவள் வாழ்நாள் பூராவும் பார்த்திருக்கிறாள். எல்லாரும் எதற்குச் சொல்வார்கள்? விலையைக் குறைக்கத்தான்.

"பேரமா பேசுறீங்க? இத்தனை வருஷம் பார்த்த கல்லுக்கா? போற நேரத்துல வர்ற விலைக்குத் தள்ளிவிடுவான்னு நினைச்சீங்களா?"

"ஐயோ, அப்படி இல்லைங்க..."

"உங்க இஷ்டத்துக்கு எதையாவது குடுத்துட்டு எடுத்துட்டுப் போங்க!"

மேஜைக்கு வந்து கல்லை மடித்து அவர் பக்கம் தள்ளினாள். அவர் பர்ஸிலிருந்து பணத்தை எடுத்து வைத்துவிட்டு, பொட்டலத்தை எடுத்துக்கொண்டு, குனிந்த தலை நிமிராமல் படியிறங்கினார்.

அவள் மேஜையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டாள். எல்லாம் போயிற்று. கல்லும் போயிற்று, மனிதரும் போய்விட்டார், மனிதரைப்பற்றி வைத்திருந்த மதிப்பும் போயிற்று.

வாட்ச் கடைக்காரர் தன் சாமான்களை அட்டைப்பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தவர், எழுந்து வந்து மேஜை மேல் கிடந்த பணத்தை எட்டிப் பார்த்தார். "அக்கா, ஒண்ணு கேக்கட்டுமா? நீங்க முதல்ல சொன்ன விலை எவ்வளவு?"

சொன்னாள்.

"அது அப்படியே இருக்கே. ஒரு பைசா குறையல. பேரம் பேசுறவன் முழுசா வச்சுட்டுப் போவானா?"

அவள் நிமிர்ந்தாள்.

"கல்லுல குறை சொல்றது விலை குறைக்க மட்டும்தானாக்கா? நீங்க எதுக்குச் சொல்லுவீங்க?"

கொடுக்க மனசு வராதவர்கள் குறை சொல்வார்கள். அது அவள் கண்டுபிடித்த வித்தை. அதே வித்தை அடுத்தவர் வாயிலிருந்து வந்தபோது அவளுக்கே அடையாளம் தெரியவில்லை. முட்டாளே, முட்டாளே என்று தன்னைத் திட்டிக்கொண்டே படியிறங்கினாள். பக்கத்துத் தெருதான். இத்தனை வருஷத்தில் ஒருநாள்கூட அங்கே போனதில்லை.

அச்சகத்துக்குள் இயந்திரம் தடதடத்துக்கொண்டிருந்தது. மை வாசனை. தாள் கட்டுகள் ஆளுயரத்துக்கு அடுக்கியிருந்தன. மூலையில், கணினியில் தட்டச்சு செய்கிற ஒரு பெண்ணுக்குப் பின்னால், நீளநீளத் தாள்களை முன்னால் வைத்துக்கொண்டு அவர் உட்கார்ந்திருந்தார். சிவப்புப் பேனா மூடியபடி கிடந்தது. அவளைப் பார்த்ததும் எழுந்துவிட்டார்.

"நீங்க சொன்ன குறை எல்லாம் பொய்" என்றாள், மூச்சு வாங்க. "அந்தக் கல்லுல ஒண்ணுமே கிடையாது."

"தெரியும்."

"தெரிஞ்சா ஏன் சொன்னீங்க?"

"நீங்க ஏன் சொன்னீங்க, இத்தனை வருஷமா?"

இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. "குடுக்க மனசு வரல" என்றாள்.

"எனக்கு வாங்க மனசு வரல. கல்லு கைக்கு வந்துட்டா அப்புறம் எதைச் சாக்கு வச்சு மாடி ஏறுறது?"

சட்டைப் பையிலிருந்து பொட்டலத்தை எடுத்து வைத்தார். அவள் மடித்த மடிப்பு கலையவில்லை.

"பிரிச்சுக்கூடப் பார்க்கலையா?"

"தனியா எப்படிங்க பார்க்கிறது? பக்கத்துல நின்னு நொட்டை நொள்ளை சொல்ல ஆள் வேணாமா?"

அவளுக்கு அழுகையும் கோபமும் ஒன்றாய் வந்தன. "இதை வாயைத் திறந்து சொல்லியிருக்கலாம்ல? எத்தனை வருஷம் போச்சு!"

"மத்தவங்க எழுதினதைத் திருத்தத்தான் எனக்குத் தெரியும்" என்றார். "நானா ஒரு வரி எழுதினதில்ல."

தட்டச்சுப் பெண் விரல்களை நிறுத்திவிட்டுத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். கல் கடைக்காரி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, அவருக்கு எதிரே இருந்த நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"அப்ப நான் சொல்றேன். தப்பு இருந்தா நீங்க திருத்துங்க. எனக்குத் தம்பி வீட்டுக்குப் போக இஷ்டம் இல்ல. உங்களை விட்டுட்டுப் போக என்னால முடியல."

அவர் உட்கார்ந்தார். கண்ணாடியைக் கழற்றினார், துடைத்தார், மறுபடி போட்டுக்கொண்டார். அவள் காத்திருந்தாள்.

"சரியா இருக்கு" என்றார். சிவப்புப் பேனாவைத் தொடவேயில்லை.